நாலு காது ஜாடியின் உத்தேசப் பயன்பாடு

உனக்கு எழுத வேண்டும் என்று பத்து மாதமாக நினைத்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் எழுத வைத்தது தேங்காய் எண்ணெய் வாசனை.

போன திங்கட்கிழமை காலை பாப்பா பித்தளைச் சொம்புக்குள் கையை விட்டுவிட்டாள். சாமி மாடத்துக்குக் கீழே கழுவி வைத்திருந்த சின்னச் சொம்பு. பதினொரு மாதக் குழந்தையின் கை அதில் சுலபமாகப் போகும், சுலபமாக வரும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். போனது, வரவில்லை. மணிக்கட்டில் கிடந்த கறுப்புக் கண்ணாடி வளையல் கையோடு சேர்ந்து உள்ளே போய், திரும்பும்போது சொம்பின் கழுத்தில் குறுக்காக மாட்டிக்கொண்டது. அவள் இழுக்க இழுக்க அது இறுகியது.

"ஆத்தாடி, எந் தங்கத்துக்குக் கை மாட்டிக்கிச்சே" என்று அத்தை, அதாவது என் மாமியார், அடுப்படியிலிருந்து எண்ணெய்க் கிண்ணத்தோடு ஓடி வந்தார். அவருக்கு முன்னால் வாசனை வந்தது. என் வலது மணிக்கட்டு தானாகச் சுருங்கியது.

"எண்ணெய் வேணாம் அத்தை!"

இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து நான் அப்படிக் கத்தி அவர் கேட்டதில்லை. அழுதுகொண்டிருந்த பாப்பாகூட ஒரு நொடி நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

கை வந்துவிட்டது, பயப்படாதே. எப்படி வந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்திருந்த ஒரு காரியத்தைப் பேசவேண்டும். கடைசிப் பத்து மாதம் எனக்கு மட்டும் தெரிந்திருந்த காரியம் என்று எழுதுவதுதான் சரி. அப்படி எழுத இன்னும் கை வரவில்லை.

பாப்பா தொட்டிலில் தூங்குகிறாள். தொட்டில் கயிற்றை இடது கையால் ஆட்டிக்கொண்டே வலது கையால் இதை எழுதுகிறேன். கீழே கடையில் யாரோ எவர்சில்வர் குடத்தைத் தட்டிப் பார்த்து வாங்கும் சத்தம் கேட்கிறது. தேனிக் கடைவீதியில் பாத்திரக் கடை வைத்திருக்கிற குடும்பத்தில் எனக்குச் சம்பந்தம் பேசியபோது நீ எப்படிச் சிரித்தாய்! "ஏ புள்ள, ரெண்டு வருசமா ஒடஞ்ச ஓட்டப் பொறுக்குனதுக்குச் சாமி கண்ணத் தொறந்துருச்சுடி. இனி ஒனக்கு ஒடையாத பாத்திரமாக் குடுக்குது" என்றாய். உடையாதவைதான். இந்த மாடியில் எதைக் கீழே போட்டாலும் கணகணவென்று சத்தம் மட்டும் வரும்.

நீ இந்த வீட்டுக்கு ஒருமுறைதான் வந்தாய். அப்போது மாடிப்படியின் தலைப்பில் இரும்புக் கதவு கிடையாது. பாப்பா தவழத் தொடங்கியதும் போட்டது. யாரும் என்னை அடைத்து வைக்கவில்லை, கேட்டுக்கொள். கதவைப் போடச் சொன்னது நான். கொக்கி போதாது, பூட்டு வேண்டும் என்றதும் நான். பூட்டைப் போட்ட பிறகுதான் தெரிந்தது, நானும் இந்தப் பக்கம்தான் இருக்கிறேன் என்று. சாவி அத்தையின் இடுப்பில் இருக்கிறது. கேட்டால் கொடுத்துவிடுவார். கேட்பதற்குள் எனக்கே பத்துக் காரணம் தோன்றிவிடும். வெயில், தூசி, கடைவீதியில் யாராவது இருமுவார்கள், பாப்பாவுக்கு நேற்று இரண்டு தும்மல். தூங்குகிற பிள்ளையின் மூக்கருகே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்க்கிறவள் நான். இதை எழுதுவதற்குள் நாலு தடவை பார்த்துவிட்டேன்.

உன் சாவுக்கு நான் வரவில்லை. பாப்பா பிறந்து பதினாறாம் நாள் நீ போயிருக்கிறாய். ஐந்து நாள் காய்ச்சல் என்றார்கள். பிள்ளை பெற்றவளிடம் சாவுச் செய்தி சொல்லக்கூடாதாம். சின்னமனூரில் அம்மா வீட்டில் இருந்தேன். 'பச்சப் புள்ளைக்கு ஆகாது' என்று அம்மா என் போனை வாங்கி பீரோவில் வைத்திருந்தார். அந்த இரண்டு வாரமும் நீ ஏன் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை என்று உன்மேல் கோபமாக இருந்தேன். முப்பது கழிந்து, தலைக்கு ஊற்றி, வீட்டைக் கழுவிவிட்ட பிறகு என் கணவர் சொன்னார். என்னிடம் அழுவதற்கு அழுகை இருந்தது, போவதற்குத்தான் இடம் இல்லை. எல்லாக் காரியமும் முடிந்திருந்தது.

சுருளிப்பட்டிக்கு இன்னும் போகவில்லை. உன் அம்மா முகத்தில் முழிக்க எனக்குத் தைரியம் இல்லை. அதற்கும் காரணம் அந்த ஜாடிதான்.

நினைவிருக்கிறதா என்று உன்னைக் கேட்பது அசட்டுத்தனம். நீ கண்டெடுத்த ஜாடி. திராட்சைப் பந்தல்களுக்கு நடுவே நாம் தோண்டிய அந்த மேட்டில், உன் குழியின் வடகிழக்கு மூலையில், செங்கல் தரைக்கு ஒட்டினாற்போல் அதன் ஒரு காது மட்டும் முதலில் தெரிந்தது. மீதியைத் தூரிகையால் திறக்க உனக்கு ஒரு முழு நாள் ஆனது. முழங்கால் மடித்தபடியே சோறு தின்றாய். ஒரு முழ உயரம், பழுப்பு மெருகு பூசிய தோள், தோளில் நாலு சின்னக் காதுகள், கை நுழையும் அளவுக்கு வாய். உள்ளே மெருகு இல்லை, வெறும் மண். கழுத்துவரை மண் நிறைந்து, ஒரு விரிசல்கூட இல்லாமல் எழுந்து வந்தது. ஓட்டுச் சில்லுகளாகவே பார்த்துப் பழகிய நமக்கு முழுதாக ஒன்று கிடைத்தது திருவிழாவாக இருந்தது. அகழாய்வுக்குப் பொறுப்பான சார் எல்லோருக்கும் கம்பத்திலிருந்து வடை வாங்கி வரச் சொன்னார்.

"சீனத்துல செஞ்சது. கப்பல்ல மலையாளக் கரைக்கு வந்து, மலை ஏறி இந்தப் பக்கம் எறங்கியிருக்கு" என்றார் சார். அவர் பல வருடமாகச் சொல்லிவந்தது அதைத்தான், நமக்குப் பின்னால் நிற்கிற இந்த மலையின் கணவாய் வழியாக இடைக்காலத்தில் வணிகம் நடந்தது என்று. அன்று அவர் ஜாடியைத் தொடவேயில்லை, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். "இதுல என்ன வந்துச்சுங்கறதுதான் கேள்வி. மருந்தா, வாசனைத் தைலமா?"

"இதுல என்ன கேள்வி? ஊறுகா சாடி" என்றார் மண் சுமந்த பேச்சியம்மாள். மற்ற நாளில் ஜீப்பில் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர், பக்கத்திலேயே வேலை என்று நம்மிடம் வந்திருந்தார். "எங்க வீட்டுல இதே அச்சுல ஒண்ணு கெடக்கு. அதுக்கு யாரு வட வாங்கிக் குடுக்குறா?"

எல்லோரும் சிரித்தோம். நீ மட்டும் அதைப் பிடித்துக்கொண்டாய். "பேச்சியம்மா சொல்றது சரிதான் சார். ஆனா ஒண்ணே ஒண்ணுக்குத்தான் வச்சிருந்தாகன்னு எப்படிச் சொல்றது? எங்க வீட்டு ஊறுகா ஜாடில மொதல்ல ஊறுகா. பெறகு உப்பு. வாய் ஒடஞ்சதும் எங்கப்பா அதுல ஆணி போட்டு வச்சாரு. இப்ப கோழிக்குத் தண்ணி. ஆயிரம் வருசம் கழிச்சு எவனாவது தோண்டி, கோழிக்குத் தண்ணி வைக்கத்தான் செஞ்சாகன்னு எழுதுனா ஊறுகாக்குக் கோவம் வராது?"

பதிவேட்டில் 'உத்தேசப் பயன்பாடு' என்று ஒரு கட்டம் இருக்கும். எனக்கு அதை வெறுமையாக விடவே முடியாது, ஏதாவது எழுதியாக வேண்டும். சமையல், சேமிப்பு, சடங்கு. உன் கையெழுத்தில் பாதிக் கட்டங்களில் 'தெரியவில்லை' என்றிருக்கும். "தெரியலைன்னு எழுதுறதுக்கு ஏன்டி இம்புட்டுப் பயம்? பரீச்சையா இது?" என்பாய். ஆனால் உன்னிடம் தனியாக ஒரு சின்ன நோட்டு இருந்தது. அதில் தெரியவில்லை என்ற பேச்சே கிடையாது. மூக்கு உடைந்த கெண்டிக்கு 'மாமியார் தலையில் தண்ணீர் ஊற்ற'. அடியில் ஓட்டை போட்ட சட்டிக்கு 'வேலைக்காரன் பால் திருடியதை மறைக்க'. மூடி மட்டும் கிடைத்தால், 'பானையைத் தொலைத்தவளை அடிக்க'. மத்தியானச் சாப்பாட்டில் நீ அதை வாசிக்க, பேச்சியம்மாளுக்குப் புரை ஏறும்.

ஜாடி வெளியே வந்த மறுநாள், எனக்கு நிச்சயம் முடிந்து ஆறாவது நாள். கைக்கு ஒரு டஜன் பச்சைக் கண்ணாடி வளையல். கல்யாணம் வரை கழற்றக்கூடாது, ஒன்றுகூட உடையக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் அம்மா என்னை அனுப்பியிருந்தார். குழியில் இறங்கும்போது என் இரண்டு கைகளிலும் கைக்குட்டையைச் சுற்றி நீதான் கட்டிவிடுவாய். "பொண்ணு வேலைக்கு வருதா, மாட்டுக்குச் சலங்கை கட்டுறேனா தெரியல" என்பாய். அன்றுதான் எனக்கு அங்கே கடைசி நாள். மூன்று மணிக்கு அப்பா வந்து அழைத்துப்போவதாக ஏற்பாடு.

முழுப் பாத்திரத்துக்குள் இருக்கும் மண்ணை எப்படி எடுக்க வேண்டும் என்று நமக்குத் தெரியாதா? மேல், நடு, அடி என்று மூன்றாகப் பிரித்து, பை பையாகக் கட்டி, சலித்து, ஒவ்வொரு விதையையும் பொறுக்க வேண்டும். பாத்திரம் எதற்கு இருந்தது என்று சொல்லப்போவது அந்த மண்தான். சார் மறுநாள் அதைச் செய்வதாக இருந்தார். மறுநாள் நான் இருக்கமாட்டேன். அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாமலே போய்விடுவேன். அந்த எண்ணம் என்னைப் பிடித்துக்கொண்டது. சார் கம்பத்துக்குப் போயிருந்தார். பெண்கள் பந்தலடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஓடு கழுவும் கொட்டகையில் நான் மட்டும். கைக்குட்டையை அவிழ்த்திருந்தேன். தண்ணீர் விட்டு, குச்சியால் கிளறி, மண்ணைச் சரித்து ஊற்றிவிட்டேன். அடியில் ஏதோ விரலில் தட்டுப்பட்டது. மறுபடி கையை விட்டேன்.

தட்டுப்பட்டது கூழாங்கல். நீ உள்ளே வந்தபோது நான் கண்ணாடி வளையல்கள் கழுத்தில் குறுக்கே அடைத்துக்கொள்ள, ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நீ திட்டவில்லை. இடுப்பில் கை வைத்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாய், சார் பார்த்ததைப் போலவே. "சரி. ஜாடிய ஒடைக்க முடியாது. கைய வெட்ட முடியாது. வளையல ஒடைச்சிரலாம்."

"ஒடைக்காதடி. ஆகாதுடி. அம்மா கொன்னுரும். மாப்பிள்ள வீட்டுல என்ன நெனப்பாக?"

"ஆயிரம் வருசத்து ஜாடி அது. இது நேத்து வாங்குன வளையல்."

"உன் கால்ல விழுறேன், ஒடைக்காத."

வெளியே பேச்சியம்மாளின் குரல்: "என்னத்தா அங்கன சத்தம்?"

"ஒண்ணுமில்ல பேச்சியம்மா, பல்லி! இவ மேல விழுந்துருச்சு!"

"எங்கன விழுந்துச்சு? வலப்பக்கமா எடப்பக்கமா? பலன் பாக்கணும்ல!"

அந்த நிலையிலும் நமக்குச் சிரிப்பு வந்தது. நான் அழுதுகொண்டே சிரித்தேன். மண்ணில் வேலை செய்து கை வெடிக்கும் என்று உன் பையில் எப்போதும் ஒரு சின்னப் பாட்டில் தேங்காய் எண்ணெய் இருக்கும். அதைக் கையில் எடுத்துக்கொண்டு நீ கொஞ்ச நேரம் தயங்கினாய். இப்போது அந்தத் தயக்கம்தான் எனக்கு அடிக்கடி நினைவில் வருகிறது. உள்ளே மெருகு இல்லாத மண் எண்ணெயைக் குடித்துவிடும் என்று உனக்குத் தெரிந்திருந்தது. எனக்கும் தெரிந்திருந்தது. என் முகத்தைப் பார்த்தாய். பிறகு ஊற்றினாய்.

கை வந்தது. அப்படியும் ஒரு வளையல் சத்தமே இல்லாமல் உடைந்தது. மணிக்கட்டில் மெல்லிசாக ஒரு கோடு கிழித்து ரத்தம் கசிந்தது. சில்லை நீ ஜாடியிலிருந்து தட்டி எடுத்துத் தூர எறிந்தாய். "பதினொண்ணு இருக்குல்ல? உங்கம்மா எண்ணிப் பாக்கவா போகுது?" என்றாய். சோப்புத்தூள் போட்டு, பிரஷ் போட்டு, இருவரும் ஜாடியைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினோம். கழுவக் கழுவ வாசனை போனது. எண்ணெயும் போய்விட்டது என்று நம்பிக்கொண்டோம்.

சார் வந்து, சுத்தமாகக் கவிழ்த்திருந்த ஜாடியைப் பார்த்தார். கத்துவதற்கு முன்னால் அவர் முகம் விழுந்த விதத்தை மறக்க முடியவில்லை. "யார் மண்ண எடுத்தது?" நான் வாய் திறப்பதற்குள் உன் குரல் கேட்டது. "நான்தான் சார். வாய்கிட்ட விரிசல் மாதிரி தெரிஞ்சுச்சு. பாரம் தாங்காதுன்னு எடுத்துட்டேன்." மூன்று மணிக்கு அப்பா வந்தார். நான் வண்டியில் ஏறிப் போய்விட்டேன். திரும்பிப் பார்த்தபோது நான் ஊற்றிவிட்ட மண்ணை நீ சேற்றிலிருந்து கையால் அள்ளி வாளியில் போட்டுக்கொண்டிருந்தாய்.

மீதி நாளெல்லாம் உன்னைக் குழியில் இறக்கவில்லை, கொட்டகையில் ஓடு கழுவ வைத்தார்கள். மறு வருடம் உன்னை அழைக்கவில்லை. நீ பேச்சியம்மாள் ஏறிய ஜீப்பிலேயே ஏறி, மலைக்கு மேலே ஏலத்தோட்டத்து ஆபீஸில் வேலைக்குப் போனாய். "அந்தக் காலத்து யாவாரிக போன பாதைலதான்டி தினம் போறேன். சார்கிட்ட சொல்லு, இப்பவும் யாவாரம் நடக்குதுன்னு" என்று போனில் சிரித்தாய். நான் உண்மையைச் சொல்லிவிடட்டுமா என்று கேட்டதற்கு, "விடுடி, ஒனக்குப் புது வீடு. எதுக்கு இப்ப?" என்றாய். நானும் விட்டுவிட்டேன். விடுவதற்கு எவ்வளவு வசதியாக இருந்தது தெரியுமா?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பேறுகாலத்தில் ரத்தக்கொதிப்பு ஏறியபோது அந்த ஒற்றை வளையல்தான் நினைவுக்கு வந்தது. நீ போன செய்தி கேட்டபோதும் அதுதான். உடையக்கூடாதது உடைந்தது, அதை எடுத்து எறிந்தவள் போய்விட்டாள் என்று முட்டாள்தனமாக ஒரு கணக்கு. தொல்லியல் படித்தவள் இப்படி எழுதுவது வெட்கம்தான். ஆனால் மாடியில் அடைந்து கிடந்தால் மனசு இப்படித்தான் சுற்றிச் சுற்றி வருகிறது.

ஒரு மாதத்துக்கு முன்னால் சார் அழைத்தார். அகழாய்வு அறிக்கை அச்சுக்குப் போகிறது, சுருளிப்பட்டியில் ஒரு பழைய கட்டடத்தில் சின்னதாக ஒரு காட்சிக்கூடம் வைக்கிறார்கள், வாரம் மூன்று நாள் அதைப் பார்த்துக்கொள்ள நான் வர முடியுமா என்று கேட்டார். அத்தை யோசித்தார். நான் அதைவிட அதிகம் யோசித்தேன். கடைசியில் அத்தைதான், "போயிட்டு வாத்தா. புள்ளைய நான் பாத்துக்கிருதேன். நீ இப்படியே உக்காந்து மூச்சப் பாத்துக்கிட்டிருந்தா ஒனக்கும் ஆகாது, அதுக்கும் ஆகாது" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பூட்டுப் போட்ட பிறகு கதவு முதல்முறையாக எனக்காகத் திறக்கிறது.

பொருள்களின் முன்னால் வைக்கும் பெயரட்டைகளை முதலில் எழுதித் தரச் சொல்லி, அறிக்கையின் பக்கங்களை அனுப்பினார் சார். ஜாடியின் பக்கத்தைப் பிரித்தேன். உட்சுவரை ஆய்வகத்தில் பரிசோதித்ததில் தேங்காய் எண்ணெயின் எச்சம் கிடைத்திருக்கிறதாம். மலையாளக் கரையிலிருந்து கணவாய் வழியாக இந்தப் பள்ளத்தாக்குக்கு எண்ணெய் வந்ததற்கு முதல் நேரடிச் சான்று என்று சார் அரைப் பக்கம் எழுதியிருந்தார். அவ்வளவு அழகாக எழுதியிருந்தார். உத்தேசப் பயன்பாடு: எண்ணெய் ஜாடி.

உன் பையிலிருந்த எண்ணெய், நம்மூர்த் தென்னையின் எண்ணெய், ஆயிரம் வருடப் பழசாகிவிட்டது.

மூன்று வாரம் அந்த அட்டையை எழுதாமல் வைத்திருந்தேன். மற்ற எல்லா அட்டையும் எழுதியாகிவிட்டது. எழுதிவிட்டால் கதவு திறக்கும். உண்மையைச் சொன்னால், ஒரு ஜாடியைப் பாழாக்கி, பழியை இன்னொருத்தி தலையில் போட்டுவிட்டு வண்டி ஏறியவளிடம் எந்தக் காட்சிக்கூடத்தின் சாவியைக் கொடுப்பார்கள்? நீ இருந்திருந்தால் உன்னிடம் கேட்டிருப்பேன். நீ மறுபடி 'விடுடி' என்றிருப்பாய். நானும் மறுபடி விட்டிருப்பேன். நீ இல்லாததால்தான் விட முடியவில்லை.

இப்படி இருந்தபோதுதான் திங்கட்கிழமை வந்தது. பாப்பாவின் கையும், சொம்பும், கறுப்பு வளையலும், கிண்ணத்தோடு அத்தையும்.

"எண்ணெய் வேணாம்னா வேற என்னத்தா செய்ய?"

"வளையல ஒடைக்கப்போறேன் அத்தை."

"ஐயய்யோ, பச்சப் புள்ளைக்குத் திருஷ்டிக்குப் போட்ட வளையல். நாமளா ஒடைக்கலாமா? ஆகாதுத்தா."

அதே வார்த்தை. நான் உன்னிடம் சொன்ன அதே வார்த்தை என்னை நோக்கி வந்தது. கீழே கடைக்குக் குரல் கொடுத்து ஒரு சின்னக் குறடு வாங்கினேன். ஈரத் துணியைச் சுருட்டிப் பாப்பாவின் தோலுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் திணித்தேன். குறட்டால் அழுத்தினேன். டிக். அவ்வளவுதான். சத்தத்தோடு உடைந்தது. கை வழுக்கிக்கொண்டு வந்தது. ஒரு கீறல் இல்லை. பாப்பா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மறுபடி சொம்புக்குள்ளேயே விடப் பார்த்தாள்.

அத்தை உப்பைச் சுற்றித் தண்ணீரில் போட்டுவிட்டு, "உன் கை எம்புட்டு நடுங்குது, போய் உக்காரு" என்றார்.

உட்காரவில்லை. உட்கார்ந்தால் மறுபடி யோசிப்பேன். சாருக்குப் போன் போட்டேன். நின்றுகொண்டே, அந்த இரும்புக் கதவைப் பிடித்துக்கொண்டே, எல்லாவற்றையும் சொன்னேன். வளையல், எண்ணெய், பல்லி உட்பட. பல்லியை ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

அந்தப் பக்கம் சார் காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "எச்சம் ரொம்பப் புதுசா இருக்கேன்னு ஆய்வகத்துல கேட்டாங்கம்மா. வாய் மண்ணால அடைஞ்சு கெடந்ததால கெடாம இருந்திருக்கும்னு நான்தான் பதில் எழுதுனேன்" என்றார். "நம்பணும்னு ஆசை."

"மண்ண எடுத்ததும் நான்தான் சார். அவ எனக்காகச் சொன்னா."

"மறு வருசம் அவளக் கூப்பிடாதது நான்" என்றார் சார்.

"அறிக்கையில அவ பேரு இருக்கா சார்?"

"இல்ல."

"கண்டெடுத்தது அவ. போடணும் சார்."

"எழுதிக் குடு. யார் கண்டெடுத்தா, யார் கைய விட்டா, யார் எண்ணெய் ஊத்துனா, எல்லாத்தையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு. அந்த அரைப் பக்கத்த எடுத்துடறேன்." வேலையைப் பற்றி அவர் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. ஐந்து நாள் ஆகிறது, இன்னும் அழைக்கவில்லை. அழைக்காமலும் போகலாம். கதவு அப்படியேதான் இருக்கிறது. அன்று மாலையிலிருந்து பாப்பாவுக்கு ஏதும் ஆகிவிடுமோ என்று மணிக்கட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பயம் ஒரு வளையலோடு போகிற சாமான் இல்லை. ஆனால் அந்தக் கணக்கு தவறு என்று, பாப்பா ஒவ்வொரு நாள் காலையிலும் சிரித்துக்கொண்டே எழுந்து எனக்குச் சொல்கிறாள். அப்படியானால் நீ போனதும் அந்த வளையலால் அல்ல. அது வெறும் காய்ச்சல். அதைத் தாங்கிக்கொள்வது இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

சார் கேட்டதை எழுதி, கையெழுத்துப் போட்டுவிட்டேன். உன் முழுப்பெயரை, அப்பா பெயரின் முதலெழுத்தோடு, முதல் வரியில் எழுதினேன். அதன் ஒரு படியை உன் அம்மாவுக்கு நானே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் சுருளிப்பட்டிக்குப் போவதற்கு எனக்கு இப்போது ஒரு காரணம் இருக்கிறது. அத்தையிடம் சாவி கேட்க வேண்டும். நாளைக்குக் கேட்பேன் என்று இன்று நினைக்கிறேன்.

ஜாடியின் அட்டையையும் எழுதிவிட்டேன். நாலு காது ஜாடி. இடைக்காலம். உத்தேசப் பயன்பாடு: தெரியவில்லை. என் கையெழுத்தில் அந்தக் கட்டத்துக்குள் நான் எழுதிய முதல் 'தெரியவில்லை' அது. நீ சொன்னாற்போல அது ஒன்றும் பரீட்சை இல்லைதான்.

பிறகு அட்டையைத் திருப்பினேன். சுவரைப் பார்த்து நிற்கப்போகிற பின்பக்கம். என் கல்யாணத்துக்கு வந்திருந்தபோது, மேடையில் எனக்கு மட்டும் கேட்கும்படி உன் நோட்டிலிருந்து இந்த ஜாடிக்கான வரியைச் சொன்னாயே, அதைப் பென்சிலால் சின்னதாக எழுதினேன்: 'கல்யாணப் பெண்ணின் கையைப் பிடித்து வைக்க.'

என் வலது மணிக்கட்டில் அந்தக் கோடு இன்னும் இருக்கிறது. பாப்பாவைத் தூக்கும்போது வெயில் பட்டால் வெள்ளையாகத் தெரியும். எண்ணெய் ஊற்றுவதற்கு முன்னால் உன் கை தயங்கி நின்ற இடம் அது. இப்போது எதைச் செய்வதற்கு முன்னாலும் நான் அதைப் பார்த்துக்கொள்கிறேன்.

பாப்பா அசைகிறாள். எழுந்துவிட்டாள். வெறுங்கையை நீட்டிக்கொண்டிருக்கிறாள்.